நாற்பத்தொன்றாவது செலவு

நாட்டைக் காப்பாற்ற எவ்வளவு செலவாகும் என்று பேரவையில் விவாதம் நடந்த அன்று லிஃப்ட் மெக்கானிக்குக் காய்ச்சல். இல்லாவிட்டால் அந்நேரத்துக்கு ஏதாவதொரு கட்டடத்தில் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே கிரீஸ் கையோடு தொங்கிக்கொண்டிருப்பார். நாடு தன்பாட்டுக்குக் காப்பாற்றப்பட்டிருக்கும், அவருக்கும் ஒரு தொல்லை வந்திருக்காது. படுத்த படுக்கையாகக் கிடந்ததால் மாமனாரின் ரேடியோவிலிருந்து தப்ப வழியில்லாமல் போயிற்று.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கண்பார்வை போய் எட்டு வருடம், மகள் போய் மூன்று வருடம். மகள் இல்லாத வீட்டில் இருக்கலாமா என்று அவரும் கேட்கவில்லை, இருங்கள் என்று இவரும் சொல்லவில்லை. இருந்துவிட்டார். இரண்டு ஆண்கள், ஒரு சமையலறை, ஒரு ரேடியோ. மாமனாருக்கு உலகம் காது வழியாகத்தான் வரவேண்டும் என்பதால் அந்த ரேடியோ விடிந்ததும் கத்த ஆரம்பித்தால் படுக்கப் போகும்வரை ஓயாது.

அன்றைய விவாதம் அணுகுண்டைப் பற்றியது. ஆனால் பேரவையில் அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. ‘தடுப்புப் பொருள்’ என்றுதான் சொல்ல வேண்டும். எதிரி நம்மைத் தாக்க நினைத்தால் இந்தப் பொருள் நம்மிடம் இருப்பதை எண்ணிப் பயந்து சும்மா இருந்துவிடுவானாம். எதிரியிடமும் இதேபோல் ஒன்று இருக்கிறது, அதை எண்ணி நாமும் சும்மா இருக்கிறோம். இப்படி இரண்டு பேரும் சும்மா இருப்பதற்கு ஆகும் செலவு கட்டுக்கடங்காமல் போய்விட்டது என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளியதால், செலவுப் பட்டியலை வரி வரியாக வாசித்து விவாதிப்பது என்று முடிவாகியிருந்தது.

நிதி அமைச்சர் வாசித்தார்.

“ஒன்று. பொருள். தொகை, ரகசியம்.”

“ஏற்கிறோம்” என்றது ஆளுங்கட்சி.

“ஏற்கிறோம்” என்று எதிர்க்கட்சியும் சொன்னது. தேசபக்தியில் பின்தங்கிவிடக் கூடாது என்று அவர்கள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை என்பது ரேடியோவிலேயே தெரிந்தது.

“இரண்டு. பொருளைக் கொண்டுபோகும் வாகனம். தொகை, ரகசியம். மூன்று. வாகனம் நிற்கும் இடம். இடமும் ரகசியம், தொகையும் ரகசியம்.”

நாற்பது செலவுகள் பதினொரு நிமிடத்தில் முடிந்தன. நாட்டின் வருமானத்தில் பாதி அதிலே போயிற்று என்று விஷயம் தெரிந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். ஆனால் விவாதத்துக்கென்று மூன்று நாள் ஒதுக்கியாகிவிட்டது. உறுப்பினர்கள் பேச்சை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். பேச்சு இருக்கிறது, பேசுவதற்குத்தான் விஷயம் இல்லை. சபை சோர்ந்து கிடந்த அந்த நேரத்தில் அமைச்சர் கடைசி வரியை வாசித்தார். அதன்மேல் ரகசிய முத்திரை குத்த வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார் போலிருக்கிறது.

“நாற்பத்தொன்று. இறுதி அறிவிப்பு. பொருள் பயன்படுத்தப்படும் பட்சத்தில் பொதுமக்களுக்கு ஒலிபரப்பப்பட வேண்டியது. நீளம், ஒன்பது நிமிடம். குரல், ரயில் நிலைய அறிவிப்பாளர் ஒருவர், பெண், பிற்பாடு காலமானவர். ஊதியம், அரைநாள் சம்பளம். மற்றும் பிஸ்கட், இரண்டு.”

“இது பகல் கொள்ளை!” என்று ஒருவர் வீறிட்டார்.

எதிர்க்கட்சியின் செலவுக் கண்காணிப்பாளர் அவர். ஊருக்குள் அவரைக் கத்தரிக்கோல் என்பார்கள். எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு துண்டை வெட்டிவிட்டுத்தான் கீழே வைப்பார். “ஏழைகளின் வரிப்பணத்தில் பிஸ்கட்டா? அதுவும் இரண்டா?” என்று அவர் கேட்டதும் சபைக்கு உயிர் வந்துவிட்டது. ஆளுங்கட்சியில் ஒருவர் எழுந்து, நாட்டுக்காகக் குரல் கொடுத்த ஒரு பெண்மணிக்குப் பிஸ்கட் கூடாதா என்று தழுதழுத்தார். இவருக்குக் கைக்குட்டை என்று பெயர். ‘நாடு’ என்ற சொல் வாயில் வந்தாலே இவருக்குக் கண்ணில் நீர் வந்துவிடும், பையிலிருந்து கைக்குட்டையும் வந்துவிடும்.

மெக்கானிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். மாமனார் ரேடியோமேல் வைத்த கையை எடுக்காமல் முகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினார்.

“மாப்பிள்ளை, அது நம்ம புள்ளதானே?”

“அவதான் மாமா.”

“குரல் இருக்குன்னு சொல்றான்.”

“ஆமா மாமா. இருக்குன்னுதான் சொல்றான்.”

கைக்குட்டையும் கத்தரிக்கோலும் ரேடியோவில் மோதிக்கொண்டிருந்தார்கள். இந்த இருவர் காதிலும் அதற்குமேல் ஒன்றும் ஏறவில்லை.

அவள் ரயில் நிலையத்தில் பதினாறு வருடம் அறிவிப்பாளராக இருந்தாள். மைக் முன்னால் உட்கார்ந்து நேரடியாகப் பேசுவாள். தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று அவள் சொன்னால் எங்கோ ஓர் அறையில் யாரோ உண்மையாகவே வருந்துகிறார்கள் என்று தோன்றும். திட்டிக்கொண்டு நிற்கிற கூட்டம் அடங்கி, பெட்டி மேல் உட்கார்ந்துவிடும். வீட்டிலும் அந்த விளையாட்டு உண்டு. “கணவர் அவர்களின் கனிவான கவனத்திற்கு, சாப்பாடு இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது” என்று சமையலறையிலிருந்து அறிவிப்பாள். மாமனார் கண்டக்டர் குரலில் “முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க” என்று சொல்லிக்கொண்டே தட்டோடு வருவார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் மத்தியானம் அவளை அரசாங்க வண்டி வந்து அழைத்துப் போயிற்று. மாலையில் திரும்பி வந்தாள். “ஒரு பேப்பரைக் குடுத்துப் படிக்கச் சொன்னாங்க, படிச்சேன். என்னன்னு கேக்காதீங்க, சத்தியம் வாங்கிட்டாங்க. பிஸ்கட்தான் நமுத்துப் போயிருந்துச்சு” என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்றோடு வீட்டில் அந்தக் கனிவான கவனம் விளையாட்டு நின்றுபோயிற்று. ஒரு மாதம் போல் அவள் தேவைக்குத்தான் பேசினாள். மெக்கானிக் ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அவள் போன பிறகு வீட்டில் அவள் குரல் எங்கேயுமே இல்லை என்பது தெரிந்தது. நாள் முழுக்க மைக்கில் பேசுகிறவள், வீட்டில் எதிலும் பதிவு செய்யவிட மாட்டாள். போனில் எழுத்துச் செய்திதான் அனுப்புவாள். கல்யாண வீடியோவில் அவள் வாய் அசைகிறது, மேலே நாதஸ்வரம் போட்டு நிரப்பி வைத்திருக்கிறான் வீடியோக்காரன். ரயில் நிலையத்தில் கேட்டுப் பார்த்தார். இப்போதெல்லாம் மெஷின்தான் பேசுகிறது, பழையது எதுவும் இல்லை என்றார்கள்.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவள் சொன்ன வார்த்தைகள் எல்லாம் அவருக்கு நினைவிருந்தன. குரல்தான் தேய்ந்துகொண்டே வந்தது. நாளெல்லாம் லிஃப்டுக்குள் வேலை. “கதவுகள் மூடுகின்றன” என்று ஒரு பெண் அங்கே ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வருடத்திலிருந்து அவர் மனைவியை நினைத்தால், “சாப்பிட்டீங்களா?” என்று அந்த லிஃப்ட் பெண்தான் கேட்கிறாள். முதல்முறை அப்படி ஆனபோது ஏழாவது மாடியில் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார்.

காய்ச்சல் விட்ட மறுநாளே மனு எழுதிக்கொண்டு தடுப்புப் பொருள் துறைக்குப் போனார். ஐந்து மாடிக் கட்டடம், லிஃப்ட் ஓடவில்லை. பழக்கதோஷத்தில் கதவிடுக்கில் காதை வைத்துப் பார்த்துவிட்டுப் படியேறினார். மேலே ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘பேரழிவுக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. நிறைய நேரம் யோசித்து ‘கணவர்’ என்று எழுதினார்.

துணைச் செயலர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மேசையில் ஒரு தேநீர்க் கோப்பை சாசரால் மூடி வைக்கப்பட்டிருந்தது.

“குரல் எங்ககிட்ட இருக்கா இல்லையான்னு நான் சொல்ல முடியாதுங்க.”

“பேரவையிலேயே வாசிச்சாங்களே சார்.”

“அது செலவு. செலவு வெளிப்படை. குரல் ரகசியம்.”

“நான் அவ புருஷன் சார். ஒரு தடவை கேட்டாப் போதும், காப்பிகூட வேண்டாம். மாமாவுக்குக் கண்ணு தெரியாது. அவருக்குப் பொண்ணுன்னா அவ குரல்தான்.”

துணைச் செயலரின் முகம் இளகியது. “உங்க வருத்தம் எனக்குப் புரியுது. அரசாங்கம் உங்களைக் கைவிட்டுடல. அந்த அறிவிப்பு ஒலிபரப்பாகும்போது நீங்களும் உங்க மாமாவும் தாராளமாக் கேக்கலாம். பொதுமக்கள் எல்லாருக்கும் இலவசம். அதுக்கு இந்தப் படிவம்கூட வேண்டியதில்ல.”

“அது எப்ப சார்?”

“அப்படி ஒரு நாள் வரவே கூடாதுன்னுதானே நாங்க இங்க உக்காந்திருக்கோம்!”

மெக்கானிக் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு யோசித்தார். மெக்கானிக்காக ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

“டேப் நல்லா இருக்கா சார்? பன்னெண்டு வருஷம் ஆச்சே.”

“அதப்பத்திக் கவலையே படாதீங்க. பதினோரு வருஷமா வருஷம் தவறாம நானே சோதிக்கிறேன். ஸ்பீக்கர் வயரைக் கழட்டிட்டு டேப்பை ஒன்பது நிமிஷம் ஓட விடுவேன். முடிஞ்சதும் ‘ஒன்றும் கேட்கவில்லை’ன்னு உரக்கச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுவேன். விதி அப்படித்தான்.”

“ஒண்ணுமே கேக்கலைன்னா அது நல்லா இருக்குன்னு எப்படி சார் தெரியும்?”

“ஏதாவது கேட்டிருந்தா ரகசியம் வெளிய போயிடுச்சுன்னு அர்த்தம். பதினோரு வருஷமா ஒண்ணும் கேக்கல. அப்ப எல்லாம் ஒழுங்கா இருக்குன்னுதானே?” என்று துணைச் செயலர் சிரித்தார். கோப்பையின் சாசரைத் தூக்கி ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி மூடினார்.

மனு நிராகரிக்கப்பட்டது. ஆனால் அது போய்ச் சேர்ந்த வழியில் யாரோ பார்த்து, ‘குரலின் சட்டப்பூர்வ வாரிசு’ என்று ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பேரவை இதற்குள் நாற்பத்தொன்றாவது செலவை ஆராய ஒரு குழு அமைத்திருந்தது. பத்து நாள் கழித்து மெக்கானிக்குச் சாட்சி சம்மன் வந்தது. குழு முன்னிலையில் டேப் ஒலிக்கவிடப்படும் என்று கடைசி வரியில் இருந்தது. அந்த வரியை மாமனார் நான்கு தடவை வாசிக்கச் சொன்னார்.

“நானும் வரேன் மாப்பிள்ளை.”

“உங்களுக்குச் சம்மன் இல்லையே மாமா.”

“கண்ணு தெரியாதவனை வீட்டுல தனியா விட முடியாதுன்னு சொல்லு. இத்தன நாள் விட்டுட்டுத்தான் போன, அது அவனுங்களுக்குத் தெரியவா போகுது?”

மாமனார் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். மகள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு பார்த்துப் பார்த்து ஷேவ் செய்துகொண்டது அன்றுதான்.

குழு கூடும் அறையில் நீல விரிப்புப் போட்ட நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் ஜாடி, ஆளுக்கொரு மைக். ஒரு கோடியில் கத்தரிக்கோல், மறு கோடியில் கைக்குட்டை, நடுவில் மணியோடு தலைவர். இரும்புப் பெட்டியில் டேப் மெஷினை நான்கு காவலர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே துணைச் செயலர் ஒரு கையில் கோப்பும் மறு கையில் மூடிய கோப்பையுமாக வந்து நின்றார். சாட்சி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், தானாகப் பேசவேண்டுமென்றால் தீர்மானம் போட்டு அனுமதி தர வேண்டும் என்று தலைவர் விதியை வாசித்தார்.

கத்தரிக்கோல் ஆரம்பித்தார். “உங்க மனைவி வீட்டுல நிறுத்தி நிறுத்திப் பேசுவாங்களா?”

“ஆமா சார். நிதானமாத்தான் பேசுவா.”

“பாத்தீங்களா தலைவரே! இந்த ஒன்பது நிமிஷத்துல எத்தன நிமிஷம் சும்மா இருந்ததுக்கு நாம சம்பளம் குடுத்திருக்கோம்?”

நாற்பது செலவுகளும் சும்மா இருப்பதற்குத்தான் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தலைவர் அறிவிப்பின் வாசகத்தைக் கையில் எடுத்தார். எங்கே சுருக்கலாம் என்று குழு முடிவு செய்ய வசதியாக, உரக்க வாசித்தார்.

“பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. நமது பொருள் வெற்றிகரமாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது. எதிரியின் பொருள் இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. தயவுசெய்து யாரும் ஓட வேண்டாம். தயவுசெய்து சிறு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும். தயவுசெய்து…”

மெக்கானிக்குக் காது அடைத்துக்கொண்டது. அன்று மத்தியானம் அவள் படித்துவிட்டு வந்தது இதுதானா? இதைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து பிஸ்கட் நமுத்துவிட்டது என்று சொன்னாளா? ஒரு மாதம் சரியாகப் பேசாமல் இருந்தவளிடம் ஒரு வார்த்தை அழுத்திக் கேட்டிருக்கக் கூடாதா?

“இதையா அவளப் படிக்கச் சொன்னீங்க?” என்று மாமனார் பின்னாலிருந்து கேட்டார். தலைவர் மணியை அடித்தார்.

“தயவுசெய்து மூன்று தடவை வருகிறது” என்றார் கத்தரிக்கோல். “மூன்றையும் வெட்டினால் நான்கு நொடி மிச்சம்.”

கைக்குட்டை வெளியே வந்தது. “சாகப்போகிற குடிமகனுக்கு ஒரு தயவுசெய்து கொடுக்க வக்கில்லாத நாடா இது?”

“கேட்பதற்கு ஆள் இருந்தால்தானே மரியாதை?”

“கேட்பதற்கு ஒருவர்கூட மிஞ்சமாட்டார் என்பதுதான் இந்தத் திட்டத்தின் பெருமையே! அதைக் கொச்சைப்படுத்தாதீர்கள்!” என்று கைக்குட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேசை தட்டல் ஓய்வதற்குச் சற்று நேரம் பிடித்தது. ஒரு தயவுசெய்து போதும் என்று சமரசம் ஆயிற்று. எந்தத் தயவுசெய்து என்று முடிவு செய்ய டேப்பைக் கேட்பது என்றும் தீர்மானமாயிற்று.

துணைச் செயலர் முதல்முறையாக ஸ்பீக்கர் வயரைச் செருகினார். மாமனார் மருமகனின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மெஷினில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டன்கள். துணைச் செயலர் பதினோரு வருடப் பழக்கத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்தினார்.

டேப் சுற்றியது. ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் முகப்பில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது.

மெக்கானிக் அதைப் பார்த்தார். மெஷினோடு பழகிய கைக்கு, சிவப்பு விளக்கைப் பார்த்தால் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. “சார், நிறுத்துங்க! அது பதியுது சார், அழிஞ்சிட்டிருக்கு!” என்று எழுந்தார்.

மணி அடித்தது. “சாட்சி கேட்காமல் பேசுகிறார்.”

“சார், அந்தச் சிவப்பு பட்டன்…”

“சாட்சியைப் பேச அனுமதிக்கும் தீர்மானத்தை யார் முன்மொழிகிறார்கள்?”

கைக்குட்டை முன்மொழிந்தார். முன்மொழிவதற்குமுன் நாடு என்றால் என்ன என்பதைச் சுருக்கமாக விளக்கினார். கத்தரிக்கோல் எதிர்த்தார். சாட்சி பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இந்த அறையின் மின்விளக்குச் செலவு யார் தலையில் விடிகிறது என்று கேட்டார். மெக்கானிக் மெஷினை நோக்கிப் பாய்ந்தார், காவலர்கள் இருவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர் உட்கார்ந்தபடி டேப் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அவர் அவ்வளவு கையாலாகாமல் இருந்ததில்லை. நான்கு நிமிடம் கழித்துத் தீர்மானம் நிறைவேறியது. “இப்போது சாட்சி பேசலாம்.”

“நிறுத்துங்க சார்” என்றார். நிறுத்தினார்கள்.

இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பழையது அழிந்து புதிது பதியும் என்று அவர் பட்டன்களைக் காட்டி விளக்கினார். எல்லாரும் துணைச் செயலரைப் பார்த்தார்கள். துணைச் செயலர் கோப்பைத் திறந்தார். அவர் குரலில் தடுமாற்றமே இல்லை.

“மெஷினின் கையேட்டில் இரண்டு பக்கம். பதிவு செய்வது எப்படி என்பது ஒன்று, ஒலிக்கவிடுவது எப்படி என்பது ஒன்று. இரண்டாவது பக்கம் ரகசியம் என்பதால் எனக்குத் தரப்படவில்லை. என்னிடம் இருந்த பக்கத்தின்படி பதினோரு வருடமாக இம்மி பிசகாமல் செய்திருக்கிறேன்.”

தலைவர் அவரைப் பாராட்டிக் குறிப்பு எழுதச் சொன்னார். பிறகு டேப்பை முதலிலிருந்து ஒரே ஒரு பட்டனை அழுத்தி ஓட விட்டார்கள்.

“சார், நிறுத்துங்க! அது பதியுது சார்” என்று மெக்கானிக்கின் குரல் வந்தது. பிறகு மணி. பிறகு கைக்குட்டை, நாடு. பிறகு கத்தரிக்கோல், மின்விளக்கு. சற்றுமுன் நடந்த நான்கு நிமிடமும் அப்படியே இருந்தது. உறுப்பினர்கள் தங்கள் குரலைத் தலையாட்டி ரசித்துக் கேட்டார்கள். அது முடிந்த இடத்தில் போன வருடத்துச் சோதனை தொடங்கியது. ஒரு வெற்றறையின் இரைச்சல். செருப்புச் சத்தம். கோப்பைமேல் சாசரை வைக்கும் ‘கிணுக்’. ஐந்து நிமிடம் அப்படியே ஓடியது. கடைசியில் ஒரு தொண்டைச் செருமல்.

“ஒன்றும் கேட்கவில்லை” என்றது துணைச் செயலரின் குரல்.

ஒன்பது நிமிடம் முடிந்தது. காகிதத்தில் அவ்வளவுதான் நீளம். துணைச் செயலர் வருடா வருடம் அங்கேதான் நிறுத்துவார். ஆனால் யாரும் மெஷினை அணைக்கவில்லை, டேப் சுற்றிக்கொண்டே இருந்தது.

“முடிஞ்சுதா சார்?” என்று அவள் கேட்டாள். “நான் போகலாமா? வீட்டுல தேடுவாங்க.”

ஒரு நாற்காலி நகர்ந்தது. டேப் தீர்ந்து சக்கரம் வெறுமனே சுற்றியது.

“வாம்மா” என்றார் மாமனார்.

அவர் முகம் அந்தப் பெட்டி இருந்த திசையில் இருந்தது. கை மருமகனின் மணிக்கட்டை விட்டுவிட்டு, முன்னால் காற்றில் நீண்டிருந்தது. மெக்கானிக்கால் அவரைப் பார்க்க முடியவில்லை. அவளேதான். லிஃப்ட் பெண் இல்லை. ‘வீட்டுல’ என்னும்போது லேசாக அடிக்குரலில் இறங்குமே, அதை எப்படி மறந்துபோனோம் என்று தேம்பித் தேம்பி அழுதார்.

தலைவர் மணியடித்து, சாட்சியின் அழுகையைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார்.

பிறகு குழு விவாதித்தது. பழைய அறிவிப்பு போயே போய்விட்டது. புதிதாகப் பதிய வேண்டுமென்றால் புதுக் குரல், புது அரைநாள் சம்பளம், புதுப் பிஸ்கட். கத்தரிக்கோல் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். கைக்குட்டை எழுந்தார். “நண்பர்களே, நாடு தன் கடைசி மூச்சை விடும் நேரத்தில், நாட்டோடு பேசிக்கொண்டிருப்பது யார்? நாம்! நம் விவாதம்! ஜனநாயகத்துக்கு இதைவிடப் பெருமை உண்டா?” என்றார். இம்முறை கத்தரிக்கோலுக்கும் கண் கலங்கியது. உள்ளது உள்ளபடியே டேப்பை இறுதி அறிவிப்பாக ஏற்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. கடைசியில் உள்ள பெண் குரலை வெட்டலாமா என்று ஒருவர் கேட்டார். வெட்டுவதற்கு ஆள் கூலி ஆகும் என்பதால் அதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மெக்கானிக் வாசலில் துணைச் செயலரைப் பிடித்துக்கொண்டார். “அந்தக் கடைசித் துண்டு மட்டும் சார். பத்து நொடிகூட இருக்காது.”

“முன்னாடியாவது ஒரு வழி பாத்திருக்கலாம். இப்ப அதுல உறுப்பினர்கள் குரலும் இருக்கே. அதி ரகசியம் ஆயிடுச்சு” என்றார் துணைச் செயலர், மெய்யான வருத்தத்தோடு. “கவலப்படாதீங்க. அந்த நாள் வந்தா நல்லாவே கேக்கும். மிச்சம் பிடிச்ச பணத்துல தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் மாட்டப் போறோம்.”

அதன்பின் ஒரு மாதம் அந்த மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு இருவரும் ஓட்டினார்கள். சாப்பிடும்போது மாமனார், “வீட்டுலன்னு சொன்னா பாத்தியா” என்பார். “ஆமா மாமா” என்பார் மெக்கானிக். இரண்டாவது மாதம், ஏழாவது மாடியில் கதவுச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, “வீட்டுல தேடுவாங்க” என்று லிஃப்ட் பெண் சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்தபோது மாமனாரும் சாப்பிடாமல் இருந்தார். அவருக்கும் அதே கதிதான் என்று கேட்காமலே தெரிந்தது.

எல்லையில் பதற்றம் என்று செய்தி வந்தது அந்த வாரத்தில்தான். கடைகளில் மெழுகுவர்த்தியும் அரிசியும் தீர்ந்துபோயின. பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கோ கிளம்பினார். மெக்கானிக் அவர்களுக்குக் கையசைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நெஞ்சு படபடத்தது. அது பயம் இல்லை என்று அவருக்கே தெரிந்தபோது கூசிப்போனார். அந்தப் பிள்ளைகளின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றார். நினைக்க நினைக்க, ஒன்பது நிமிடம் கழித்து ஒரு நாற்காலி நகரும் சத்தம்தான் வந்தது.

மறுநாள் காலை எதிர்க் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் மாட்ட ஆள் வந்தார். ஏணியைச் சாய்த்து மேலே ஏறி, வாயகன்ற அந்தக் குழாயைத் தெருமுனையைப் பார்த்து வைத்தார். மாமனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“தம்பி, அதைக் கொஞ்சம் இந்த ஜன்னல் பக்கமாத் திருப்பி வைப்பா.”

“பெரியவரே, இதுல பாட்டு, செய்தி எல்லாம் வராது. அந்தக் கடைசி அறிவிப்புக்கு மட்டும்தான்.”

“தெரியும்ப்பா. திருப்பி வை.”

மேலே இருந்தவர் வாசலில் நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார். வயதானவருக்கு ஏதோ புத்தி பேதலித்துவிட்டது, நீங்களாவது சொல்லக் கூடாதா என்பதுபோல் ஒரு பார்வை. மெக்கானிக் தெருவைக் கடந்து வந்து, ஆடிக்கொண்டிருந்த ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம்ங்க” என்றார்.